அவன் அடுத்த பாகத்தில் வருவானா? – அண்மையில் பார்த்த போர்ப் படங்களும் சூப்பர் ஹீரோ படங்களும்

மூக்கனேரி எழுதியது:

சென்ற வாரம் நான்கு நாள் விடுப்பில் ஏற்காட்டில், நாகலூர் செல்லும் வழியிலுள்ள அக்கா வீட்டில் தங்கியிருந்தோம். மாலை ஐந்து மணிக்கெல்லாம் பனி இறங்கிக் கதவைச் சாத்திவிட வேண்டியிருந்ததால், இரவுகளில் படம் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகன் சூப்பர் ஹீரோ படங்களை மட்டுமே பார்த்து வளர்ந்தவன். முதல் இரண்டு இரவுகளில் அவன் விருப்பப்படி 2018, 2019 ஆம் ஆண்டுகளின் அவெஞ்சர்ஸ் படங்கள் இரண்டையும் பார்த்தோம். மூன்றாம் இரவு என் முறை வந்தபோது, கிறிஸ்டோபர் நோலன் இயக்கிய ‘டன்கிர்க்’ படத்தைப் போட்டேன்.

இரண்டாம் உலகப் போரில், 1940 மே 26 முதல் ஜூன் 4 வரை பிரான்சின் டன்கிர்க் கடற்கரையிலிருந்து 3,38,000-க்கும் மேற்பட்ட நேச நாட்டு வீரர்கள் கப்பல்களிலும் சிறு படகுகளிலும் மீட்கப்பட்ட நிகழ்ச்சிதான் அந்தப் படத்தின் களம். கரையில் ஒரு வாரம், கடலில் ஒரு நாள், வானில் ஒரு மணி நேரம் என்று மூன்று காலங்களைப் பின்னிப் பின்னிச் சொல்லியிருப்பார்கள். வீரர்களை ஏற்றி வரப் புறப்படும் ஒரு சிறு படகில் ஜார்ஜ் என்ற பையன் தானாகவே தாவி ஏறிக்கொள்கிறான். கடலிலிருந்து காப்பாற்றப்பட்ட ஒரு வீரன் அச்சத்தில் நடுங்கியபடி, மறுபடியும் டன்கிர்க்குக்குப் போக மாட்டேன் என்று முரண்டு பிடித்துத் தள்ளும்போது, ஜார்ஜ் கீழே விழுந்து தலையில் அடிபடுகிறான். சிறிது நேரத்தில் பார்வை போகிறது. பிறகு உயிரும் போகிறது. எதிரியின் குண்டு எதுவும் அவன்மேல் படவில்லை.

அவன் இறந்துவிட்டான் என்பது தெரிந்த சில நிமிடங்களில் மலை முழுவதும் மின்சாரம் நின்றுவிட்டது. இருட்டில் யாரும் பேசவில்லை. அப்போது என் மகன் கேட்டான்: “அப்பா, அவன் அடுத்த பாகத்தில் வருவானா?”

அக்கா மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டு வந்த பிறகும் எனக்குச் சரியான பதில் வரவில்லை. அவன் அப்படிக் கேட்டதில் வியப்பில்லை. முந்தைய இரவுதான் விரல் சொடுக்கில் மறைந்த பாதி உலகம் ஐந்து ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்ததைப் பார்த்திருந்தான். சூப்பர்மேன் 2016 ஆம் ஆண்டுப் படத்தில் இறந்து, 2017 ஆம் ஆண்டுப் படத்தில் எழுந்து வந்தவர். அதற்கும் முன்பே 1992-இல் சித்திரக்கதையில் இறந்து அடுத்த ஆண்டே மீண்டவர். மரணம் என்றால் சற்றுத் தாமதம் என்றுதான் இந்தப் படங்கள் அவனுக்குக் கற்றுக் கொடுத்திருக்கின்றன.

நானும் அந்தப் படங்களை விரும்பிப் பார்ப்பவன்தான். ஆயினும் இந்த ஒரு குறை என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. நண்பர்கள் அண்மையில் பார்த்த படங்களில் சாவு எந்த அளவுக்குக் கனத்தது என்பதை எழுதினால் நன்றாக இருக்கும்.

செவ்வாய்பேட்டை வாசகன் எழுதியது:

உங்கள் மகனின் கேள்வி என்னையும் அசைத்தது; ஆனால் நீங்கள் வந்தடைந்த முடிவோடு நான் உடன்படவில்லை, நண்பரே. நான் கொலுசுப் பட்டறையில் வேலை பார்ப்பவன். ‘இரும்புக்கை மாயாவி’ கதைகளை வாடகை நூல் நிலையத்தில் எடுத்துப் படித்து வளர்ந்த தலைமுறை என்னுடையது. 1972-இல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதலில் வந்தவர் அவர்தான். மின்சாரம் பாய்ந்தால் அவருடைய இரும்புக் கையைத் தவிர உடல் முழுவதும் மறைந்துவிடும். அந்தக் கதையின் ஆங்கில மூலத்தில் அவர் தொடக்கத்தில் குற்றவாளியாக இருந்து பிறகே நல்லவராகிறார். யாரும் பார்க்காதபோது ஒரு மனிதன் என்ன செய்வான் என்பதுதான் அங்கே கேள்வி. சூப்பர் ஹீரோ கதையின் வேர் அதிகாரம் பற்றிய கேள்வியில் இருக்கிறது. சாவை வைத்து அதை அளந்தால், ஊறுகாயில் இனிப்பில்லை என்று குறை சொல்வது போலாகிவிடும்.

சென்ற மாதம் ‘தி டார்க் நைட்’ என்ற பேட்மேன் படத்தை மறுபடியும் பார்த்தேன். 2008-இல் வந்தது. இரண்டு படகுகள்; ஒன்றில் பொதுமக்கள், மற்றொன்றில் சிறைக்கைதிகள். ஒவ்வொரு படகிலும் மற்றப் படகை வெடிக்கச் செய்யும் கருவி இருக்கிறது. நள்ளிரவுக்குள் ஒருவரும் அழுத்தாவிட்டால் இரண்டையும் தகர்ப்பேன் என்கிறான் வில்லன் ஜோக்கர். பொதுமக்கள் வாக்கெடுப்பு நடத்துகிறார்கள். பெரும்பான்மையினர் அழுத்தலாம் என்கிறார்கள். ஆயினும் அழுத்த ஒரு கையும் துணியவில்லை. கைதிகளின் படகில், பச்சை குத்திய ஓர் ஆஜானுபாகு எழுந்து வந்து காவலரிடமிருந்து கருவியை வாங்கிச் சன்னல் வழியே வெளியே எறிந்துவிடுகிறார். அவருக்குப் படத்தில் பெயர்கூட இல்லை. முகமூடி அணிந்த பேட்மேன் அந்தப் படகில் இல்லவே இல்லை. எந்தப் போர்ப் படத்திற்கும் குறையாத துணிவு அந்தச் சில நிமிடங்களில் இருப்பதாக நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் பார்த்த 2019 அவெஞ்சர்ஸ் படமான ‘எண்ட்கேம்’ படத்தின் தமிழ் வடிவத்தில் அயர்ன்மேனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்தது பலருக்குப் பிடிக்கவில்லை. எனக்கும் முதல் அரை மணி நேரம் ஒட்டவில்லை. ஆனால் இறுதியில் அயர்ன்மேனான டோனி ஸ்டார்க் இறந்தபோது என்னுடன் வந்த பட்டறைப் பையன்கள் நான்கு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்த இறப்பை அந்தப் படம் திருப்பித் தரவில்லை.

மூக்கனேரி எழுதியது:

படகுக் காட்சியைப் பற்றி நீங்கள் சொன்னதை மனமார ஏற்கிறேன். டோனி ஸ்டார்க் விஷயத்தில் மட்டும் ஒரு மறுப்பு. அவராக நடித்த ராபர்ட் டவுனி ஜூனியரே டாக்டர் டூம் என்ற வேறொரு பாத்திரமாக அதே வரிசைப் படங்களுக்குத் திரும்புகிறார் என்று 2024 ஜூலையில் அறிவித்துவிட்டார்கள். பாத்திரம் வேறு என்பது பெரியவர்களுக்கு விளங்கும். என் மகன் அந்த அறிவிப்பைக் கேட்டுத் துள்ளிக் குதித்தான். பட்டறைப் பையன்கள் சிந்திய கண்ணீருக்கு அந்த நிறுவனம் கொடுத்த மதிப்பு அவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

தறிச்சத்தம் எழுதியது:

அம்மாபேட்டையில் எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகத் தறியை நம்பி வாழ்கிறது. ஆகையால் நான் எந்தப் படத்தைப் பார்த்தாலும் கண் துணியின் மேல்தான் முதலில் போய் நிற்கும். 2022-இல் எட்வர்ட் பெர்கர் ஜெர்மன் மொழியில் எடுத்த ‘ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃபிரண்ட்’ என்ற முதல் உலகப் போர்ப் படத்தைப் போன மாதம் பார்த்தேன். நான்கு ஆஸ்கர் விருதுகள் பெற்ற படம். அதன் தொடக்கப் பகுதியை என்னால் மறக்கவே முடியவில்லை.

ஒரு வீரன் தாக்குதலில் இறக்கிறான். அவன் உடலிலிருந்து சீருடையைக் கழற்றி, மூட்டையாகக் கட்டி, வண்டியேற்றி ஊருக்கு அனுப்புகிறார்கள். பெரிய தொட்டிகளில் இரத்தக் கறை போக அலசுகிறார்கள். வரிசை வரிசையாக அமர்ந்த பெண்கள் குண்டு துளைத்த இடங்களைத் தையல் இயந்திரத்தில் ஒட்டுப் போடுகிறார்கள். அந்த இயந்திரங்களின் ஓசை துப்பாக்கி ஓசைபோலவே கேட்கிறது. அப்புறம் அதே சீருடை, புதிதாகப் படையில் சேரும் பால் என்ற இளைஞனின் கைக்கு வருகிறது. கழுத்துப் பட்டையில் வேறு ஒருவரின் பெயர் இருக்கிறதே என்று அவன் கேட்கிறான். அவருக்கு அளவு சரியில்லாமல் இருந்திருக்கும் என்று சொல்லி, அதிகாரி அந்தப் பெயர்த் துணியைக் கிழித்துக் கீழே போடுகிறார்.

தறியில் அறுந்த இழையை முடிந்து, முடிச்சு தெரியாமல் நெய்துகொண்டே போவது எங்கள் தொழில் நேர்த்தி. அதே நேர்த்தி ஒரு மனிதனின் பெயரை மறைக்கப் பயன்படுவதைப் பார்த்தபோது என் கை நடுங்கிவிட்டது. சாவு எவ்வளவு கனத்தது என்று மூக்கனேரி கேட்டார். எனக்கு அது ஒரு சட்டையின் எடையளவு இருந்தது. அதற்குமேல் கனமான ஒன்றை நான் திரையில் பார்த்ததில்லை.

அதே வாரம் மலையாளத்தின் ‘மின்னல் முரளி’ படத்தையும் பார்க்க நேர்ந்தது. 2021 இறுதியில் வந்த அந்தப் படத்தின் நாயகன் ஜெய்சன் ஒரு தையற்காரன். இடி விழுந்து ஆற்றல் பெற்றவன் தன் உடையைத் தன் ஊரிலேயே பெற்றுக்கொள்கிறான். வானத்திலிருந்தோ ஆய்வுக்கூடத்திலிருந்தோ எதுவும் வருவதில்லை. இடி அதே இரவில் ஷிபு என்ற இன்னொருவன் மேலும் விழுகிறது. குரு சோமசுந்தரம் ஏற்று நடித்திருக்கும் அந்த ஷிபு, தான் நேசித்த உஷாவுக்காக 28 ஆண்டுகள் காத்திருந்து, கடைசியில் அவளையும் இழக்கிறான். அவனுடைய ஆற்றலால் ஊரை எரிக்க முடிகிறது. உஷாவைத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. ஆற்றல் பெற்றவனும் சாவின் முன் கையைப் பிசைந்து நிற்கும் சூப்பர் ஹீரோ படம் இது. ஆதலால் எல்லாப் படங்களையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஜெர்மன் படத்தில் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. ரெமார்க் எழுதிய மூல நாவலில் பால் 1918 அக்டோபரில், களமெங்கும் அமைதியாக இருந்த ஒரு நாளில் இறந்துபோகிறான். அன்றைய படை அறிக்கை மேற்கு முனையில் புதிதாக எதுவும் இல்லை என்றுதான் சொல்கிறது. நாவலின் பெயரே அங்கிருந்துதான் வந்தது. படமோ அவனை நவம்பர் 11 காலை, போர் நிறுத்தத்திற்குச் சில நிமிடங்களே இருக்கும்போது, ஒரு தளபதியின் வீம்பால் நடக்கும் தாக்குதலில் சாகவிடுகிறது. பார்ப்பவரைப் பதற வைக்க அது உதவுகிறது என்பது உண்மையே. ஆனால் எவருக்கும் செய்தியாகாத சாவு என்ற அந்த நாவலின் உயிர் அங்கே கைநழுவிப் போய்விட்டது.

நான்கு ரோடு எழுதியது:

இந்த உரையாடலில் இளையவன் நான்தான் என்று நினைக்கிறேன். கல்லூரி மூன்றாம் ஆண்டு. 2025-இல் வந்த ‘லோகா’ என்ற மலையாள சூப்பர் ஹீரோ படத்தைப் பற்றி யாரும் சொல்லாததால் எழுதுகிறேன். கேரள நாட்டார் கதையில் வரும் கள்ளியங்காட்டு நீலி என்ற யட்சியை இன்றைய பெங்களூருவில் வாழும் சந்திரா என்ற பெண்ணாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். அவளுக்குச் சாவு எளிதில் வருவதில்லை என்பதே அவளுடைய துயரம். தன்னோடு பழகியவர்கள் ஒவ்வொருவராக மறைய, தான் மட்டும் எஞ்சி நிற்பவளின் முகத்தைக் கல்யாணி பிரியதர்ஷன் பல இடங்களில் பேசாமலே காட்டியிருக்கிறார். மூக்கனேரி ஐயா சொல்லும் குறைக்கு இதுவும் ஒரு விடையாக இருக்கலாம். இரண்டாம் பாதி எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, சண்டைகள் நீண்டுவிட்டன.

வசிட்டநதி எழுதியது:

வணக்கம். ஆத்தூரிலிருந்து எழுதுகிறேன். என் கணவர் மதராஸ் படைப்பிரிவில் 17 ஆண்டுகள் பணியாற்றி ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். நீங்கள் எல்லோரும் சாகும் இடத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் ‘அமரன்’ படத்தைப் பற்றி, வீட்டில் இருந்தவளாகச் சில சொற்கள் சொல்ல விரும்புகிறேன்.

2024 தீபாவளிக்கு வந்த அந்தப் படத்தை நான் திரையரங்கில் பார்க்கவில்லை. பிள்ளைகள் எவ்வளவு அழைத்தும் போகவில்லை. ஓராண்டு கழித்து, கணவர் ஊரில் இல்லாத ஒரு பகலில் தனியாக அமர்ந்து பார்த்தேன். அந்தப் படத்தின் நிஜ நாயகர் மேஜர் முகுந்த் வரதராஜன் 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் ஷோப்பியானில் உயிர் நீத்தார் என்பதும், அவருக்கு அசோக சக்கரம் வழங்கப்பட்டது என்பதும் படத்துக்குப் போகும் முன்பே எல்லோருக்கும் தெரியும். முடிவு தெரிந்தே உட்காரும் படம் அது. அதனால் அவர்கள் சிரித்துப் பேசும் காட்சிகளில்தான் எனக்குத் தொண்டை அடைத்தது. மோதல் காட்சிகளில் அல்ல. கதை மனைவி இந்துவின் நினைவாகச் செல்வதை இயக்குநர் ராஜ்குமார் பெரியசாமியின் மிகச் சரியான முடிவாகக் கருதுகிறேன். சாய் பல்லவி தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கும் விதம் ஒன்று போதும்.

எங்களுக்குத் திருமணமானது 1998-இல். மறு ஆண்டு கார்கில் போர் மூண்டபோது அவர் எங்கே இருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. மார்பத் 56 ஏ.பி.ஓ. என்று படை அஞ்சலக முகவரி எழுதிக் கடிதம் போடுவோம். எந்த மலையில் அது பிரிக்கப்படுகிறது என்று நமக்குத் தெரியாது. இருபத்து மூன்று நாள்கள் அவரிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. எங்கள் தெருமுனையில் இருந்த ஒரே எஸ்.டி.டி. பூத்துக்காரர், மணி அடித்தால் ஆளை அனுப்புகிறேன் அக்கா என்று சொல்லியிருந்தார். அந்த நாள்களில் தெருவில் ஒரு பையன் ஓடி வந்தாலே அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்துவிடுவேன். என் மாமியார் ஒரு நாளும் அழவில்லை; ஆனால் இரவு உணவில் தன் மகனுக்கான சோற்றையும் சேர்த்தே வடித்துக்கொண்டிருந்தார். என் கணவர் திரும்பி வந்தார். வராதவர்களின் வீடுகளிலும் அப்படித்தான் உலை வைத்திருப்பார்கள்.

படத்தில் எனக்குக் குறையாகப் பட்டது இரண்டு. மேஜர் முகுந்துடன் அதே மோதலில் சிப்பாய் விக்ரம் சிங்கும் உயிர் நீத்தார். படம் அவரைக் காட்டுகிறது. ஆனால் அவர் வீட்டுக்குள் நீண்ட நேரம் நிற்கவில்லை. சிப்பாயின் மனைவியாக இருந்தவள் என்பதால் எனக்கு அது கூடுதலாக வலித்திருக்கலாம். மற்றொன்று, அந்த மண்ணிலேயே பிறந்து இரண்டு பக்கத் துப்பாக்கிக்கும் நடுவே வாழ்கிறவர்களுக்குப் படம் தந்த இடம் போதவில்லை. என் கணவர் அங்கிருந்த காலத்தில், முகாமுக்குப் பால் கொண்டுவரும் ஒரு முதியவரைப் பற்றித்தான் கடிதங்களில் அதிகம் எழுதுவார்.

தம்பி மூக்கனேரி, உங்கள் மகனுக்கு என்ன பதில் சொன்னீர்கள்?

மலைப்பாதை எழுதியது:

வசிட்டநதி அம்மாவின் பதிவைப் படித்த பிறகு எழுதக் கை வரவில்லை. ஆனாலும் ‘டன்கிர்க்’ குறித்து ஒரு செய்தியைச் சேர்க்க வேண்டும் என்று தோன்றியது. அந்தக் கடற்கரையில் இந்தியர்களும் இருந்தார்கள். பிரிட்டிஷ் இந்தியப் படையின் கோவேறு கழுதைப் பிரிவினர், சரக்கு சுமக்கும் வேலைக்காக அவ்விலங்குகளுடன் கப்பலேறிப் பிரான்சுக்குப் போயிருந்தார்கள். அவர்களில் பலர் டன்கிர்க்கிலிருந்து மீட்கப்பட்டார்கள். நோலனின் படத்தில் அவர்களில் ஒருவர் முகமும் இல்லை. 2017-இல் படம் வெளியானபோதே இந்தக் குறையைப் பலர் சுட்டிக்காட்டினார்கள். சாவின் கனத்தைப் பேசும்போது, யாருடைய சாவு கணக்கில் வந்தது என்பதையும் பேச வேண்டும் அல்லவா?

அந்த வகையில் சாம் மெண்டிஸின் முதல் உலகப் போர்ப் படமான ‘1917’ ஓரளவு மேல். லாரியில் செல்லும் வீரர்களுக்கிடையே ஒரு சீக்கிய வீரரை உட்கார வைத்திருக்கிறார். தன் பாட்டனார் சொன்ன போர்க் கதைகளிலிருந்து அவர் உருவாக்கிய படம் அது. வெட்டே இல்லாமல் ஒரே ஓட்டமாக எடுத்ததுபோல் தோன்றும் ஒளிப்பதிவு வித்தை காட்டுவதற்காக மட்டும் செய்யப்பட்டது என்று முன்பு நினைத்திருந்தேன். இந்த முறை பார்த்தபோது கருத்து மாறியது. எரியும் விமானத்திலிருந்து தான் காப்பாற்றிய எதிரி விமானியாலேயே பிளேக் என்ற வீரன் குத்தப்பட்டு இறக்கிறான். வேறு படமாக இருந்தால் அந்த இடத்தில் காட்சியை முடித்து அடுத்த நாளுக்குப் போயிருப்பார்கள். இங்கே வெட்டு இல்லாததால், நண்பனின் உடலை இழுத்துக் கிடத்திவிட்டு, உடன் வந்த ஸ்கோஃபீல்டு எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியையும் நாமும் வைக்க வேண்டியிருக்கிறது. காப்பித் தோட்டத்தில் இரவுக் காவலுக்குப் போகிறவன் நான். துணைக்கு வந்தவர் நின்றுவிட்ட பிறகு தனியாக நடக்கும் பாதை எவ்வளவு நீளம் என்பது எனக்குத் தெரியும்.

செவ்வாய்பேட்டை வாசகன் எழுதியது:

வசிட்டநதி அக்கா, உங்கள் மாமியார் வடித்த சோறு என்னை இரண்டு நாளாக விடவில்லை. தறிச்சத்தம் எழுதிய சட்டையும் அப்படியே. நான் முதலில் எழுதியதிலிருந்து சற்றுப் பின்வாங்குகிறேன். அதிகாரத்தைப் பற்றிய கேள்வியைச் சூப்பர் ஹீரோ படங்கள் நன்றாகவே கேட்கின்றன. ஆனால் வீட்டில் இருப்பவர்களை அவை ஏறக்குறைய மறந்தேவிட்டன. இடிந்து விழும் கட்டடங்களுக்குள் யார் இருந்தார்கள் என்று ஒரு படமும் என்னிடம் நின்று சொன்னதாக நினைவில்லை.

நம் சேலத்தோடு தொடர்புடையது என்பதால் ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். ஏற்காடு சாலையில் இன்றும் நுழைவு வளைவு மட்டும் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் படநிறுவனம், 1952-இல் அமெரிக்கர்களுடன் சேர்ந்து ‘காடு’ என்ற படத்தைத் தயாரித்தது. ஆங்கிலத்தில் ‘தி ஜங்கிள்’. அதில் நடித்த சீசர் ரொமேரோதான் 1966-இல் தொடங்கிய பேட்மேன் தொலைக்காட்சித் தொடரின் ஜோக்கர். டி.ஆர். சுந்தரம் நடத்திய சேலத்து நிறுவனத்தின் படத்தில் நடித்த மனிதர் பின்னாளில் அந்தச் சிரிப்பைச் சிரித்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். அந்த வளைவைக் கடக்கும்போது உங்கள் மகனுக்கு இதைச் சொல்லுங்கள்.

மூக்கனேரி எழுதியது:

சொன்னேன், பேருந்திலிருந்து இறங்கிப் பார்க்க வேண்டும் என்று அடம் பிடித்தான். இறங்கிப் பார்த்தோம்.

அக்கா, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அன்றிரவு மின்சாரம் ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் வந்தது. அதற்குள் அவன் உறங்கிவிட்டான். நான் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் அவனே மீதிப் படத்தைப் போடச் சொன்னான். ஜார்ஜைத் தள்ளிவிட்ட அந்த வீரன், பையன் நன்றாக இருக்கிறானா என்று கேட்கும்போது, ஜார்ஜின் நண்பன் பீட்டர், நன்றாக இருக்கிறான் என்று பொய் சொல்கிறான். அவன் ஏன் பொய் சொன்னான் என்று என் மகன் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினான்.

படத்தின் முடிவில் ஜார்ஜின் புகைப்படம் உள்ளூர்ச் செய்தித்தாளில் வருகிறது. என்றாவது ஒரு நாள் உள்ளூர்ச் செய்தித்தாளில் பெயர் வரும்படி ஏதாவது செய்வேன் என்று அவன் தன் அப்பாவிடம் சொல்லியிருந்தவன். அந்த இடத்தில் என் மகன் படத்தை நிறுத்தச் சொன்னான். சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்:

“பேப்பரில் வந்திருக்குப்பா. ஆனா அவன் பார்க்க முடியாதே.”